வலை முடிச்சு போட்ட பொம்மை

பொம்மையின் நூலுக்கு வலை முடிச்சு போடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருஷம் அது. ஊரே தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு ஜீப் வரும். ஒருவர் கோழி வளர்க்கச் சொல்வார், இன்னொருவர் மெழுகுவத்தி செய்யச் சொல்வார். அப்படி வந்ததுதான் பொம்மலாட்டப் பயிற்சி. மகளிர் குழுவிலிருந்து நாலு பேர், காரைக்காலில் பத்து நாள், மத்தியானச் சாப்பாடு உண்டு. நான் சாப்பாட்டுக்காகத்தான் பெயர் கொடுத்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கோட்டுச்சேரித் தெருக்களில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் நான். என் புருஷன் அதற்கு ஆறு வருஷம் முன்பே கேரளக் கரைக்கு விசைப்படகு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். போகட்டும் சனியன் என்று கூடையைத் தூக்கினேன். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். யாரிடமும் போய் நிற்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒல்லிக்குச்சி. ஆனால் நூல் கட்டிய கட்டையைக் கையில் பிடித்தால் பொம்மைக்கு மூச்சு வந்துவிடும். காகிதக் கூழில் தலை செய்யச் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமுருங்கைக் கட்டையில் கையும் காலும் சீவினோம். பயிற்சி முடிவில் ஊரில் போடவேண்டிய சுகாதார நாடகத்துக்கு நான் செய்தது கூடைக்காரி. மூக்கு பெரிதாகப் போய்விட்டது. “அப்படியே உன்ன மாதிரியே இருக்குடி” என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஊரில் பஞ்சாயத்து கூடியது. புது வீடுகளுக்குப் பட்டியல் எடுக்கிறார்கள். தலைக்கட்டுக்கு ஒரு வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி கட்டுவது அவன், கூட்டத்தில் வாய் திறப்பது அவன். பெண்கள் பின்னால் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. என் பெயர் பட்டியலில் இல்லை. எனக்காக என் அண்ணன் எழுந்து, “தங்கச்சிக்கு…” என்று இழுத்தார்.

தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதான் ஒனக்கு ஒரு வீடு வருதுல்ல? அதுல ஒரு ஓரமா இருந்துக்கட்டும்.”

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஓரமாம்! நான் என்ன விளக்குமாறா, மூலையில் சாத்திவைக்க? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணீர்கூட வரவில்லை. விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் பயிற்சியில் நூல் கட்டுகிற வேலை. மற்றவர்களுக்குக் கறுப்புப் பருத்தி நூல். நான் வீட்டிலிருந்து வலை பின்னுகிற நைலான் நூல் கொண்டுபோயிருந்தேன். தலைக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று, கைக்கு ஒவ்வொன்று. பொம்மையைத் தொங்கவிட்டுப் பார்த்து, நூலைக் கூட்டிக் குறைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். அதுவரை, இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சுதான் போட வேண்டும். எனக்கு மனசெல்லாம் “ஓரமா” என்ற அந்த வார்த்தையிலேயே கிடந்தது. கை, தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டுக்கொண்டே போயிற்று. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வயதில் பழகிய வலை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது.

தூக்கி நிறுத்தினேன். வலது கை தலைக்கு மேலே நின்றது. நூல் ஒரு சாண் குட்டை.

“அய்யய்யோ, பஸ்ஸ நிறுத்துறாடி!” என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பயிற்சி கொடுத்த பெண் கத்திரிக்கோலை நீட்டினாள். “வெட்டிட்டு வேற நூல் கட்டுங்கக்கா. கை எறங்கணும்ல?”

கத்திரிக்கோலை வாங்கினேன். அந்தக் கையைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருத்தி எழுந்து நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, “நான் பேசணும்” என்று சொல்வதுபோல இருந்தது. கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“எறங்க வேணாம்.”

“அக்கா, கை கழுவுற நாடகம் அக்கா இது. கையை மேல வெச்சுக்கிட்டு எப்படிக் கழுவுவீங்க?”

“இடது கையக் கழுவிக்கிறேன், போ.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விட்டுவிடவில்லை, நடக்கப் பழக்கினாள். அதுதான் கஷ்டம். கட்டையை விரலளவு உயர்த்திவிட்டால் போதும், பாதம் தரையில் படாது. “பேய்க்குத்தான்க்கா கால் பாவாது. உங்க பொம்மை மனுஷி” என்பாள். தோள் கடுத்தது. தலையில் கூடை சுமந்த உடம்புக்கு இந்தக் கைப்பிடிக் கட்டை பெரிய பாரமா என்று வைராக்கியமாக நின்றேன். பத்தாம் நாள் என் கூடைக்காரி இடுப்பை ஒடித்து நடந்தாள்.

பட்டியலை முடிக்கிற நாள் வந்தது. ஊரே கூடும் என்பதால், கூட்டத்துக்கு முன்னால் எங்கள் நாடகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பயிற்சி நடத்திய நிறுவனத்தார் கேட்க, தலைவரும் சரியென்றுவிட்டார். மீன் ஏலக் கொட்டகையில், நாலு மணி வெயிலில், கறுப்புத் துணி கட்டினோம். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வேலைக்கு என்னால் வம்பு வரக் கூடாது.

நாடகத்தில் கூடைக்காரி வீடு திரும்புவாள், சோப்புப் போட்டுக் கை கழுவுவாள், உள்ளே போய்ப் பிள்ளைக்குச் சோறு போடுவாள். கழுவுகிறவரை ஒழுங்காகத்தான் ஆட்டினேன். பிறகு அவளைச் சபைப் பக்கம் திருப்பினேன்.

“கை கழுவிட்டேன், பஞ்சாயத்தாரே. இனிமே நான் எந்த வீட்டுக்குள்ள போறது?”

பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல்: “சபையில பொம்பள பேசுறதா? நிறுத்து!”

“பொம்பள எங்க பேசுறா? அது கட்டையும் துணியும்” என்றாள் என்னோடு மீன் விற்கிற ஒருத்தி. பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

தலைவர் எழுந்தார். “மொதல்ல அந்தக் கைய எறக்கச் சொல்லு.”

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பொம்மையோடு துணிக்கு வெளியே வந்தேன். அவர் எனக்கு மாமா முறை.

“எறங்காதுங்க மாமா. வலை முடிச்சு போட்டிருக்கு.”

அவர் நம்பவில்லை. கிட்டே வந்து, நூலை விரலில் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். அறுபது வருஷம் கடலில் கிடந்தவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“யாரு போட்டது?”

“நான்தாங்க.”

“தலைக்கட்டுன்னா வரி கட்டணும், தெரியுமா?”

“தெரியுங்க. ஆம்பளைங்க கட்டுறத நானும் கட்டுறேன். எழுதச் சொல்லுங்க.”

“பொறவு பாக்கலாம்.”

“பாருங்க. அதுவரைக்கும் இப்படியே நிக்கிறேன்.”

நின்றேன். கால் மரத்தது. என்னைப் போலவே பட்டியலில் இல்லாத இரண்டு பெண்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள். நாங்கள் நகராமல் கூட்டம் தொடங்க முடியவில்லை. கடைசியில் அண்ணன் எழுந்தார். “என் வீட்டுல ஓரம் கிடையாதுங்க. தங்கச்சிக்குத் தனியா எழுதுங்க” என்றார். அவர் சபையில் அப்படிச் சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

தலைவர் கணக்கரைப் பார்த்துத் தலையை அசைத்தார். கணக்கர் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, “புருஷன் பேரு?” என்றார்.

“அவரு வரி கட்ட வரமாட்டாருங்க. கட்டப்போறது நான். என் பேர எழுதுங்க. அடுத்து இவங்க ரெண்டு பேரையும் எழுதுங்க.”

எழுதினார். நோட்டை வாங்கி, மூன்று பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் பொம்மையைக் கீழே வைத்தேன்.