வெள்ளவத்தையில் வெள்ளம் வராது என்று நான் எழுதிய ஒரு வரி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காகக் கொழும்புக்குப் போனேன். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் இரண்டு முறை கழிவறைக்கு எழுந்து போனேன், அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. மூன்றாவது முறை நான் அசைந்ததுமே பக்கத்து இருக்கைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் ஒருமுறை மழைத் தண்ணீர் புகுந்தபிறகு, நண்பர்களோடு சேர்ந்து ஒரு நிரல் எழுதினேன். உதவி எண்ணுக்கு மக்கள் தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திகளை அது படிக்கும். ‘வெள்ள’ என்று தொடங்கும் சொல் கண்ணில் பட்டால் அந்த ஊரின் மேல் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். சென்னையில் நன்றாகவே வேலை செய்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனைத் தொண்டர்கள் சிலர் கேட்டபோது சந்தோஷமாகக் கொடுத்தேன்.

களனி ஆறு பெருகிய நாளில் அங்கே முதல்முறையாக அதை ஓட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் தொண்டர்களின் பொறுப்பாளர் அன்ரனெட் அக்காவிடமிருந்து அழைப்பு.

“தம்பி, உங்கட மெஷினுக்கு என்னமோ புடிச்சிட்டு. வெள்ளவத்தை முழுக்க தண்ணிக்குள்ள எண்டு காட்டுது. அங்க ஒரு சொட்டு நிக்கல்ல. ஆக்கள் உடுப்புத் தாறம், சாப்பாடு தாறம் எண்டு எழுதுறாங்க, அவ்வளவுதான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். சிங்களத்தில் ‘வெல்ல’ என்றால் கடற்கரை மணல், ‘வத்த’ என்றால் தோட்டம். மணல் தோட்டம் என்ற அழகான பெயர் தமிழ் எழுத்தில் வந்ததும் ‘வெள்ளம்’ போலத் தெரிகிறது. நிரலுக்கு என்ன தெரியும்? சென்னையில் உட்கார்ந்தபடியே நான்கு நிமிடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘வெள்ளவத்தை’ என்ற சொல் வந்தால் அது உதவி கேட்கும் செய்தி அல்ல, உதவி தர வந்தவர்கள் பெட்டியில் போடு. சிவப்பெல்லாம் மறைந்தது. அன்ரனெட் அக்கா பாராட்டினார். அன்று நான் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துப் பழைய பெட்டிகளைச் சுத்தம் செய்தபோதுதான், உதவி தருபவர்கள் பெட்டியில் அதே நாள் மாலை ஒரே எண்ணிலிருந்து உதவி கேட்டு வந்த மூன்று செய்திகளைப் பார்த்தேன். அந்த எண்ணை அன்ரனெட் அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து, “அது சுபா. என்ட சிநேகிதி” என்று மட்டும் வந்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பின் நகர மையமான கோட்டைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். நான் இறங்கியது காலை 8.50க்கு. விரைவுச் சாலை வழியாகப் போகும் பஸ் ஒரு மணி ஐந்து நிமிடம் எடுத்தது. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து ஏறுங்கள். என் ஓட்டுநர் நல்ல பேச்சுக்காரர். மத்தியானம் வெள்ளவத்தைக்குப் போகிறேன், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவரைப் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வெள்ளவத்தையில என்ன தம்பி வெள்ளம்? அது கடல் பக்கம், தண்ணி வந்தாலும் ஓடிப் போயிரும். இந்தப் பக்கம் வந்து பாருங்க, எங்கட வீட்டுல பிரிட்ஜ் மெதந்திச்சு.”

அவரும் என் வரியைத்தான் சொன்னார்.

தொண்டர்களின் அறை, பெரிய தேவாலயத்தின் குவிமாடம் தெரியும் ஒரு சந்தில், நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு திரை, நான்கு கைபேசிகள், ஒரு மின்விசிறி. அன்ரனெட் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். துறைமுகத்துக்குள் லாரிகளை வரிசைப்படுத்திய குரல், அறைக்குள்ளும் அப்படியேதான் கேட்டது. மட்டக்குளியில் ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் அவர்கள் மாட்டியிருக்கும் கருவியின் இன்னொரு பிரதியைக் காட்டினார். பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் உணர்கருவி. தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்புகிறது. ஒரு நாளும் பிசகியதில்லையாம். பிசகாது, அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அப்புறம் சுபாவைப் பற்றிச் சொன்னார். பதினாறு வருடம் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. சுபாவின் அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, மழைக்காலம் வருகிறதே என்று அக்காதான் இந்த உதவி எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

“‘என்ட போன் வேலை செய்யாட்டியும் இதுக்கு எழுது, நானே பாப்பன்’ எண்டு சொன்னன் தம்பி. என்ட வாயால சொன்னன். இப்ப என்னோட கதைக்கிறதில்ல. வேலையையும் விட்டுட்டா. ரெண்டு தரம் போனன், கதவு தொறக்கல்ல.”

“என்னோடு வாருங்களேன் அக்கா.”

“அவ கூப்பிடாம நான் வரமாட்டன். நீங்க போய்ச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பன்.” சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு 155ஆம் இலக்க பஸ் நேராகப் போகிறது. உட்கார இடம் கிடைத்தால் அதுவே வசதி. எனக்கு பஸ்ஸில் அடைபட்டு உட்கார முடியும் என்று தோன்றவில்லை. கோட்டைக்குத் திரும்பி, கரையோர ரயிலைப் பிடித்தேன். மேடையில் இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பு, அவ்வளவு நேரமும் நடந்துகொண்டே இருந்தேன். ரயிலில் இருபத்திரண்டு நிமிடம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், வலதுபுறம் நின்றுகொள்ளுங்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

12.40க்கு இறங்கினேன். சுபாவுக்கு நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். ‘சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வாங்கோ’ என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது. நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. காலி நகருக்குப் போகும் பெருஞ்சாலையான காலி வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து மீன் ரோல்ஸும் பால் விடாத பிளேன்டீயும் வாங்கி, ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நகைக்கடை, புடவைக்கடை, டியூஷன் விளம்பரங்கள், பஸ்களின் ஹார்ன். எங்கே பார்த்தாலும் பெயர்ப் பலகைகளில் அந்தச் சொல்: வெள்ளவத்தை, வெள்ளவத்தை. ஒவ்வொரு பலகையும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருந்தது. பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

வெள்ளவத்தையின் தெற்குப் பக்கம் ஒரு கால்வாய் இருக்கிறது, தெஹிவளைக்குப் போகும் வழியில். கடலில் போய்ச் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் கடல் பொங்கி நிற்கும் நாளில் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? சந்துகளுக்குள்தான் திரும்பும். சுபாவின் வீடு அப்படிப்பட்ட ஒரு சந்தின் கடைசி, இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம்.

“அன்ரனெட் அனுப்பின ஆளோ?” என்று கேட்டபடி கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணப் பேச்சு. “செருப்போட வாங்கோ. டைல்ஸ் கிளம்பிக் கிடக்கு, காலை வெட்டும்.”

உள்ளே ஒரு கட்டில் மெத்தையில்லாமல் இருந்தது. நான் மனப்பாடம் செய்து வந்திருந்த எதையும் சொல்ல விடாமல், அவர் தன் கைபேசியை என் முன்னால் வைத்தார்.

மாலை 4.10: ‘வெள்ளவத்தை கெனல் பக்கம் வெள்ளம். அப்பாவுக்கு நடக்க ஏலாது. தூக்க ரெண்டு பேர் வேணும்.’

4.52: ‘வெள்ளவத்தை. தண்ணி கட்டிலுக்கு வந்திட்டுது. அன்ரனெட் இருக்கிறாவோ?’

5.35: ‘வெள்ளவத்தை வெள்ளவத்தை வெள்ளவத்தை.’

ஒவ்வொன்றுக்கும் கீழே உடனே ஒரு பதில், மூன்றும் ஒன்றே: ‘உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. தேவை ஏற்படும்போது உங்களை அழைப்போம்.’

உதவி தர முன்வருபவர்களுக்குத் தானாகப் போகும் பதில் அது. எழுதியவன் நான். ‘நல்ல மனதுக்கு’ என்பதை, கொஞ்சம் அன்பாக இருக்கட்டுமே என்று கடைசியில் சேர்த்தேன். அதை அந்த வீட்டில், அந்தக் கைபேசியில் மறுபடியும் படித்தேன்.

“நல்ல மனதாம்,” என்றார் சுபா. “மேல்வீட்டுக்காரர் கலியாணத்துக்குப் போயிட்டினம். கரண்ட் இல்லை. அவசர நம்பர் எல்லாம் எங்கேஜ். நான் அப்பாவின்ர தலையைப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள நிண்டன். ஏழு மணிக்குப் பக்கத்து லேனால ரெண்டு பேர் வந்து கதிரையில வைச்சு மேல தூக்கினவை. பத்தொன்பதாம் நாள் அப்பா செத்துப்போனார். தண்ணியாலயோ வயசாலயோ எண்டு டொக்டர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.”

கைபேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “அன்ரனெட் என்ர மெசேஜைப் பாத்திட்டு, வெள்ளவத்தைக்காரருக்கு என்ன குறை எண்டு நினைச்சு நன்றி போட்டிருக்கிறா எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்” என்றார்.

“அவர் பார்க்கவே இல்லை,” என்றேன். “யாருமே பார்க்கவில்லை. பார்க்க விடாமல் செய்தது நான்.” மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். காரணத்தையும் சொன்னேன், மணல் தோட்டம் உட்பட. அவர் குனிந்து பார்த்தார். முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும். நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

“இந்த ஒரு வரியோ?”

“ஒரு வரிதான்.”

“எவ்வளவு நேரத்தில எழுதினனீங்கள்?”

“நாலு நிமிஷம்.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே மழை தொடங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

“இப்ப அனுப்பினால் போகுமோ?” என்று கேட்டார்.

போகும் என்றேன். அந்த வரியை எடுத்தாயிற்று, ஊர்ப்பெயர்களின் பட்டியல் ஒன்றைத் தனியாகச் சேர்த்தாயிற்று, பிரிக்க முடியாத செய்தியை மனிதர் பார்க்காமல் எந்தப் பெட்டியிலும் போடாது, தானாக நன்றி சொல்லாது. இவ்வளவும் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பழைய முதல் செய்தியை விரலால் அழுத்தி, அதே எண்ணுக்கு மறுபடியும் அனுப்பிவிட்டார். அப்பாவைத் தூக்க ரெண்டு பேர் வேணும். மணி 2.06.

நன்றி வரவில்லை. எதுவும் வரவில்லை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். 2.08க்கு கைபேசி ஒலித்தது.

‘பாத்திடன் சுபா. இப்ப வாறன்.’

“இது மெஷினோ?”

“இல்லை. கையால் எழுதியது.”

“ஓம், அவதான்,” என்றார். “ஒற்றெழுத்தை விட்டிட்டுத்தான் எழுதுவா. ஒஃபீஸிலயும் நான்தான் திருத்திறனான்.”

2.53க்கு வாசலில் ஆட்டோ நின்றது. அன்ரனெட் அக்கா குடை இல்லாமல் இறங்கி வந்தார். சுபா கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“பம்பலப்பிட்டியில டிராபிக் சுபா,” என்றார் அக்கா. அதற்கு மேல் அந்த லாரிகளை அதட்டும் குரல் வரவில்லை. இருவரும் வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் என் பையை எடுத்துக்கொண்டு, டைல்ஸ் காலில் படாமல் ஓரமாக நடந்து வெளியே வந்தேன். மழையில் நனைந்துகொண்டே சந்து முனைவரை போனேன். நானும் அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு பகலில் இரண்டு இடங்களையும் பார்த்துவிடலாம். கொட்டாஞ்சேனையைக் காலையில் நடந்து பாருங்கள், பதினொரு மணிக்குமேல் லாரி நெரிசல். ரயிலில் மூன்றாம் வகுப்பே போதும். வெள்ளவத்தையில் தங்க விடுதிகள் ஏராளம். மழைக்காலமென்றால் கால்வாய்ப் பக்கம் கீழ்த்தளத்தில் அறை எடுக்காதீர்கள். என்னைப் போல நிரல் எழுதுகிறவர்கள், எந்த ஊருக்காக எழுதுகிறீர்களோ அந்த ஊரின் பெயர்களை அங்கே இருப்பவர் ஒருவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுங்கள். தானாக நன்றி சொல்லும் வசதியை அணைத்து வையுங்கள்.

இன்னொன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு சுமார் பத்து கிலோமீட்டர். மழை பெய்யும் மத்தியானத்தில், பம்பலப்பிட்டி நெரிசலையும் சேர்த்து, செய்தியைப் பார்த்ததிலிருந்து வாசலில் வந்து இறங்கும்வரை நாற்பத்தைந்து நிமிடம். சுபா தண்ணீருக்குள் நின்றது ஏறத்தாழ மூன்று மணி நேரம்.