ஆறுக்குப் பெயர் சாமோ

பத்து என்பது கடவுள் போட்ட வேலி என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். அக்கா அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுக் காட்டினாள்.

எல்லாம் அப்பா சொன்ன கதையில் தொடங்கியது. வாவிக்கு அப்பால் எங்கள் வயல் வட்டையில் கதிரை மிதித்துச் சூடடிக்கும்போது நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பூதங்கள் கேட்டுக்கொண்டிருந்து பொலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். பூதங்களை ஏய்க்க இது போதாது என்று அக்காவுக்குப் பட்டது. “சொல்லை மட்டும் மாத்தினா பூதம் விரல விட்டு எண்ணிக் கண்டுபுடிச்சிருங்கா. எண்ணுற விதத்தையே மாத்தோணும்” என்றாள்.

அப்படி ஒரு மொழியே பிறந்தது. அதில் மீன்களை விரல்களால் அல்ல, விரல் இடுக்குகளால் எண்ண வேண்டும். இரண்டு கைக்கும் எட்டு இடுக்கு. எட்டு நிறைந்தால் ஒரு லூபா. ஒன்பது மீன் என்றால் ஒரு லூபாவும் ஒன்றும். சட்டியில் கிடந்த மீன் அதேதான், எண் மட்டும் வேறு உடுப்பில் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் செட்டிபாளையத்தில் இப்படி ஒரு காரியத்தை வேறு யார் செய்திருக்கிறார்கள்!

மனிதர்களுக்கு எண் தனி. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான், தம்பி. ஆறு பேர் சேர்ந்தால் நிறைவு, அதற்குப் பெயர் சாமோ. ஊர் முழுவதையும் ஆறாறாகத்தான் எண்ண வேண்டும். அடுத்த வீட்டில் ஒன்பது பேர். அந்த வீட்டுப் பிள்ளை, தங்கள் வீடு ஒரு சாமோவும் மூன்றுமாகத் துண்டுபட்டு நிற்பதைப் பொறுக்காமல் கோபித்துக்கொண்டு போனாள். எங்கள் மொழியைப் பேசியவர்களில் மூன்றில் ஒரு பங்கு அத்தோடு குறைந்தது.

ஆனால் அம்மா வந்து சேர்ந்தார். சண்டைக் காலம், பொழுது பட்டபின் யாரும் வெளியில் நிற்க முடியாது. பிள்ளைகளைத் தலை தொட்டு வாய்விட்டு எண்ணினால் கண்ணூறு படும் என்று அம்மா கண்ணாலேயே எண்ணிக்கொண்டு திரிவார். அக்காவின் எண் அவருக்கு வாய்ப்பாய்ப் போயிற்று. கதவடியில் நின்று, “சாமோவா புள்ள?” என்பார். “ஓம்மா, சாமோ” என்பாள் அக்கா. பிறகுதான் தாழ்ப்பாள் விழும். பூதத்துக்கும் புரியாது, கண்ணூறும் படாது.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்கு பஸ் ஏறிய அண்ணன் திரும்பவில்லை. வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்று அதே பஸ்ஸில் வந்தவர் சொன்னார். அப்பா முகாம் முகாமாக அலைந்தார். எங்கும் அண்ணன் இல்லை என்றார்கள். அம்மா எண்ணிக்கை கேட்பதை நிறுத்திவிட்டார்.

பல நாள் கழித்து ஒரு மாலை, கையில் குப்பி விளக்கோடு கதவடிக்கு வந்து பழைய குரலில் கேட்டார்.

“சாமோவா புள்ள?”

“ஓம்மா, சாமோ.”

“பொய்! ஒராள் குறையுது” என்று நான் கத்தினேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள். “இனி ஆக்கள அஞ்சஞ்சா எண்ணுவம்மா. அஞ்சுதான் சாமோ.”

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் வரவில்லை, ஒரு பாய்கூட நகரவில்லை, ஆனால் வீடு நிறைந்துவிட்டது! அக்கா செய்ததிலேயே பெரிய வித்தை இதுதான் என்று பட்டது.

அம்மா விளக்கைக் கீழே வைத்தார். “வேணாம் மகள். ஆறிலேயே எண்ணு.”

அக்கா தலைகுனிந்து, பழைய கணக்கில் ஐந்துக்கு உள்ள சொல்லைச் சொன்னாள். “நுகா.”

“ஓம், நுகா” என்றார் அம்மா. கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை.

நிறைந்த எண்ணைக் கொடுத்தும் வேண்டாம் என்று குறைந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்ட அம்மாவுக்குக் கணக்கே வராது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.