குத்தகைக்காரர் சுற்றிய செப்புக் கம்பி

இரைச்சல் இருந்தால்தான் செட்டுக்குப் பலம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கம் மைக் செட் கட்டப் போன இடத்திலெல்லாம் அவர்களோடுதான் மல்லுக்கட்டினேன். குழாய் ஸ்பீக்கரிலிருந்து 'உர்ர்' என்று ஓர் உறுமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் செட்டு ஓடவில்லை என்பார்கள்.

கரண்ட் இல்லாத ஊர்களில் கார் பேட்டரிதான் கதி. அதன் ஆறு வோல்ட்டை, பெட்டிக்குள் பல்பு மாதிரிச் சிவந்து எரியும் வால்வுகளுக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிக் கொடுக்க வைப்ரேட்டர் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. அது ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் உறுமல். அதை வடிகட்ட, மின்சாரத்தைத் தடுத்து விட ஒரு ரெசிஸ்டன்ஸும் தேக்கி விட இரண்டு கண்டன்சரும் வைப்பேன். வடிகட்டினால் வோல்ட் குறையும், சத்தமும் இறங்கும். சத்தத்தை மீட்க இன்னொரு வால்வு போட்டால் அது பேட்டரியைக் குடித்துவிடும். எவ்வளவு வடிகட்டுவது, எவ்வளவு குடிக்க விடுவது என்று ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். காலையில் போட்டால் பொழுது சாயும்வரை பேச்சு தெளிவாகக் கேட்கும்படி ஒரு பெட்டியைக் கட்டி முடித்தேன். சத்தம் நடுத்தரந்தான். எனக்கு அது போதும்.

உலகச் சண்டை முடிந்தபின் வந்த ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லில் கடைகளை ஏலம் எடுத்திருந்த குத்தகைக்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். கடைவீதியில் ஒரு குழாய், ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு மரத்தில் இன்னொன்று. முதல் பாட்டு முடிவதற்குள் ஆள் வந்துவிட்டார்.

"என்னப்பா இது, கொசு கத்தற மாதிரி இருக்குது? போன வருசம் வந்தவன் செட்டு சும்மா அதிர்ந்துச்சு!"

"அது எரைச்சலுங்க. மைக்குல பேசுனா ஒண்ணும் வெளங்காதுங்க. பேட்டரியும் மத்தியானமே படுத்துக்கும்."

"பேச்சு யாருக்குய்யா வேணும்? சத்தம் வேணும்."

நான் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் கடைவீதியே அதிர்ந்துகொண்டிருந்தது. போன வருடத்துக்காரன் செய்ததைப் பார்த்து வைத்திருந்த மனிதர், பெட்டியின் பின்மூடியைத் திறந்து, ரெசிஸ்டன்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டிருந்தார். வடிகட்டும் வேலை அதோடு ஒழிந்தது. சத்தம் ஏறியது, உறுமல் அதைவிட ஏறியது, பேட்டரி கரைய ஆரம்பித்தது. நான் மூடியைத் தொட்டதும் இரண்டு ஆட்களைப் பெட்டியருகே உட்கார வைத்தார்.

"கை வெச்சீன்னா செட்டோட உன்னையும் காவேரில போட்டுருவேன்."

மத்தியானம் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்திருந்தது.

"சாமி, எம் பொண்ணக் காணமுங்க. அஞ்சு வயசு. பச்சப் பாவாடைங்க. ஆத்தோரமாத்தான் கைய வுட்டுட்டேன்."

பாட்டை நிறுத்தி மைக்கைக் கொடுத்தேன். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கடைவீதிக் குழாயின் கீழே போய் நின்று கேட்டேன். பேட்டரி இறங்கிப்போய், உறுமலுக்கு நடுவே ஏதோ கரகரத்தது. ஒரு தாய் கூப்பிடுகிறாள் என்று பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கவில்லை. கீழே பரிசல்காரர்கள் தண்ணீருக்குள் கழியை விட்டுத் துழாவ ஆரம்பித்திருந்தார்கள்.

கம்பியை எடுக்கிறேன் என்று குத்தகைக்காரரிடம் கெஞ்சினேன்.

"கொழந்த கெடைக்கும், போப்பா. மொதல்ல பாட்டப் போடு. கடைக்காரங்க சத்தம் போடறாங்க."

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. காவலுக்கு இருந்த இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே விலகிக்கொண்டார்கள். செட்டை அணைத்துக் கம்பியைப் பிய்த்து எறிந்தேன். ஆனால் திரும்பப் போட்டபோது, தீர்ந்துபோன பேட்டரியில் வால்வுகள் சிவக்கவே இல்லை. குத்தகைக்காரரின் கார் நிழலில் நின்றது. அதுவும் ஆறு வோல்ட் பேட்டரிதான். மூடியைத் தூக்கிப் பேட்டரியைக் கழற்றினேன். சட்டையைப் பிடித்தார், பிடித்துத் தள்ளினேன். நல்லா விழுந்தார்.

வால்வுகள் சிவந்தன. உறுமல் இல்லை. செட்டு நின்றுவிட்டது என்றே கூட்டம் நினைத்தது.

"கண்ணு, அம்மா கூப்படறேன். கடைக்கிட்ட வா சாமி!"

சொன்னது சொன்னபடி ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. சற்று நேரத்தில் பச்சைப் பாவாடை மேட்டில் ஏறி வந்தது. தாய் மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், பிறகு அள்ளிக்கொண்டாள்.

"அத்தன நேரம் கூப்பிட்டனே, எங்கடி போன?"

"தொலஞ்சுட்டா பாட்டு கேக்கற எடத்துல குந்திக்கன்னு நீதான சொன்ன? அந்த மரத்துக் கொழாய்க்கு அடியிலயேதான் குந்தியிருந்தேன். அது ஒறுமிக்கிட்டே இருந்துச்சு. நீ கூப்படவே இல்ல."

அவள் அடித்த முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதற்குள் குத்தகைக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்து மைக்கைப் பிடுங்கினார். தம்முடைய ஏற்பாட்டால் குழந்தை கிடைத்துவிட்டது என்று பேசத் தொடங்கினார். ஓர் எழுத்துப் பிசகாமல் ஆறு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. இந்த மனிதரின் பேச்சுக்காகவா மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று வயிறு எரிந்தது. பேட்டரி வயரைப் பிடுங்கினேன். செட்டு நின்றது தெரியாமல் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்.