நாற்பத்தேழாம் எண் செருப்பு

எங்கள் தொழிற்சாலையில் செருப்புக்கு எண் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பத்தெட்டு ஜோடி ரப்பர் செருப்பு. எல்லாமே நீல வார் வைத்தவை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தக் குவியலில் யாருடையது எது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். எனக்கு அப்போது வாய் அதிகம், பாதிச் சண்டை என்னுடையதாகத்தான் இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், காயிலுக்குப் பூசும் சிவப்பு வார்னிஷை ஒரு குச்சியில் தொட்டு, வருகைக்காகக் கொடுத்திருந்த என் பித்தளை வில்லையில் இருந்த நாற்பத்தேழு என்ற எண்ணை இரண்டு செருப்பின் குதிகாலிலும் எழுதிவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லாச் செருப்பிலும் எண் ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் வார்னிஷ் எப்படித் தீர்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் சுற்றிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். வெளியே போய்ச் சாப்பிட, எழுந்து வரிசையாக வாசல் கேட்டுக்குப் போவோம். அங்கே பையையும் டிபன் டப்பாவையும் திறந்து காவலாளியிடம் காட்ட வேண்டும். செம்புக் கம்பி எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறோமோ என்று பார்ப்பார். முதல் மாதம் அவமானமாக இருந்தது. பிறகு கை தானாகவே பையைத் திறக்கப் பழகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், எங்கள் பிரிவுப் பெண்கள் மட்டும் பஸ் பிடித்துச் சுற்றுலா போவதென்று முடிவானது. பெங்களூர், மைசூர், திரும்பும்போது ஸ்ரீரங்கப்பட்டணம். எல்லாம் ராஜாக்கள் இருந்த ஊர்கள், அரண்மனைகள். பூந்தமல்லியில் ஒரு பாய் இருந்தார். பஸ், சமையல்காரர், தங்குமிடம் எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்து, கூடவே வந்து ஒவ்வொரு இடத்தின் கதையையும் சொல்வார். ஐம்பதை நெருங்கிய வயது, வெள்ளைச் சட்டை, வெற்றிலைக் காவி ஏறிய பல், ஊரே கேட்கும் குரல்.

எங்கள் வீடு திருநின்றவூரில். அம்மா போன பிறகு நானும் நைனாவும்தான். ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வேலை குறைந்ததும் ஆவடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். நான் வேலைக்குப் போவதே அவருக்கு அரை மனசு. சுற்றுலா என்றதும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"பொட்டப் புள்ளிங்க மட்டும் தனியா ராஜா ஊடு பாக்கப் போறீங்களா? இன்னா கத இது?"

"பூந்தமல்லி பாய் கூட்டிகினு போறாரு நைனா."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சொல்லாமல் பூந்தமல்லிக்கே போய் பாயைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "உங்க பொண்ணு எம் பொறுப்பு அண்ணாத்தே, கூட்டிகினு போற மாரியே கொண்ணாந்து உடுவேன்" என்று பாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நைனா என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

"போய்ட்டு வா. ஆனா கூட்டத்த உட்டு ஒரு அடி தள்ளி நின்னேன்னு என் காதுல வியுந்துச்சு, அப்பறம் வேலயும் வேணாம் ஒண்ணியும் வேணாம். ஊட்லயே கெட."

நைனா சொன்னால் சொன்னதுதான். அந்த வேலைதான் எனக்கு வெளியுலகம். காலையில் ரயிலேறி நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி அம்பத்தூரில் இறங்கும்போது எனக்கு வரும் தெம்பு வீட்டுக்குள் கிடையாது. "சரி நைனா" என்று தலையாட்டினேன்.

பஸ் சென்னீர்குப்பம் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஏறியதுமே பாய் எழுந்து நின்று தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். டீ குடிக்க இறங்கினால் எண்ணுவார், ஏறினால் எண்ணுவார். கதை சொல்லும்போதும் விரல் மடங்கி நிமிரும். பெங்களூரில் திப்புவின் மர அரண்மனையில் அவர் சண்டைக் காட்சியை நடித்தே காட்டினார். பாதிக் கதை அவரே கட்டியது என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

மைசூர் அரண்மனைக்குள் செருப்புப் போடக் கூடாது. தனித்தனியாகக் கொடுத்தால் நேரமாகும் என்று பாய் எங்கள் எல்லோருடைய செருப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வாசலில் கொடுத்து, ஒரே ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார். குதிகால்களில் இருந்த சிவப்பு எண்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, செருப்புக்கும் ரிஜிஸ்டரா?" என்று சிரித்தார்.

உள்ளே ஒரு எட்டுப்பட்டை மண்டபம். பாய் தரையைப் பார்த்துக்கொண்டே, "மேல வண்ணக் கண்ணாடிக் கூரை, மயில் வேலப்பாடு" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன்.

அதைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. எட்டு மணி நேரம் குனிந்து, ஒன்று, இரண்டு என்று சுற்றுகளை எண்ணியே பிழைத்தவள் நான். அண்ணாந்து பார்க்கும் வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அத்தனை உயரத்தில் மயில்கள். வெயில் அவற்றின் வழியாக இறங்கி, பச்சையும் நீலமுமாக என் கையில் விழுந்தது. செம்புக் கம்பி அறுத்துக் காய்த்துப்போன என் விரல்கள் யாரோ பணக்கார வீட்டுப் பெண்ணின் விரல்கள்போல் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. ஏனென்று கேட்டால் இப்போதும் தெரியாது.

அப்போது ஊருக்குள் எங்கிருந்தோ சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு.

அடுத்த கூடத்தில் நடந்ததைப் பிறகு என் பக்கத்து மெஷின் தோழி சொன்னாள். பாய் சிம்மாசனத்தின் கதையில் பாதியில் இருந்தாராம். சங்குச் சத்தம் கேட்டதும் முப்பத்தேழு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல், வரிசையாக வாசலுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாய் கையைத் தூக்கியபடி நின்றவர் நின்றபடிதான். வாசலில் அரண்மனைக் காவலர் ஒருவர் இருந்தார். முதலில் போனவள் அவர் முன்னால் நின்று பையைத் திறந்து காட்டினாள். அடுத்தவளும் காட்டினாள். பதினைந்து பேர் காட்டிய பிறகுதான் ஒருத்திக்கு உறைத்து, "அய்யே, இன்னாடி பண்றோம்" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். காவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்காமலே பையைக் காட்டுகிறார்கள் என்றால் என்னவோ இருக்கிறது என்று கன்னடத்தில் கேள்விமேல் கேள்வி. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் பாய்க்கு வேர்த்துவிட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே போய்த் தாங்களாகவே பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் செருப்புச் சாக்கைத் தூக்கி மேலே போட்டார். அன்று ஒருமுறை மட்டும் பாய் தலையை எண்ணவில்லை.

நான் சங்கைக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகக் கேட்டேன். கால்கூட ஒரு எட்டு எடுத்து வைத்தது. பிறகு, "ஊதட்டும், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனால் என்ன" என்று ஒரு திமிர் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் ஒரு சங்குக்கு நான் அடங்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

வெளியே வந்தபோது பஸ் இல்லை. பாஷை தெரியாத ஊர், காலில் செருப்பு இல்லை, கையில் டிபன் டப்பா மட்டும். தொலைந்துபோனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. நைனாவின் முகம்தான் வந்தது. ஒரு அடி தள்ளி நிற்கக் கூடாது என்றவரிடம் பஸ்ஸையே விட்டவள் என்ன சொல்வேன்? வேலை போச்சு, அவ்வளவுதான் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெயிலில் கல் கொதித்தது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, செருப்பைக் கொடுத்த இடத்திலேயே நின்றேன். தேடி வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள் என்று தோன்றியது.

சாப்பாட்டுக்காக பஸ்ஸை ஒரு தோப்பில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் எல்லோரும் எண் பார்த்துத் தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜோடி மிச்சம். பாய் குனிந்து அதை எடுத்து, "நாப்பத்தேயு யாரும்மா?" என்று கேட்டாராம். அப்போதுதான் நான் பஸ்ஸிலேயே ஏறவில்லை என்று தெரிந்திருக்கிறது.

நான் நின்ற இடத்துக்கு ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பாய் இறங்கினார். ஒவ்வொரு கையிலும் ஒரு செருப்பு. ஊரெல்லாம் பார்க்க, என் அப்பா வயதுக்காரர் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நான் முந்திக்கொண்டு அழுதேன்.

"அயாதேம்மா. மொதல்ல செருப்பப் போட்டுக்க, கல்லு கொதிக்குது."

என் காலடியில் அவற்றை வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். பிறகு, "அப்டி இன்னாத்தப் பாத்துகினு நின்னே?" என்றார்.

"மேல கண்ணாடி பாய். மயிலு. நீங்கதான சொன்னீங்கோ?"

அவர் முகத்தில் ஒரு சங்கடம். "சொல்லிகினுதாம்மா கீறேன். எத்தினி தபா வந்தாலும் ஒங்க தலய எண்ணுறதுக்கே எனக்கு நேரம் சரியாப் பூடுது. மேல பாத்ததே இல்ல."

காவலரிடம் உருதுவில் ஏதோ சொன்னார். அவர் சிரித்து வழிவிட்டார். மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் உள்ளே போனோம். பாய் மண்டபத்தின் நடுவில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் குரல் அன்று மட்டும் மெல்லிசாக வந்தது. "யா அல்லா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். உங்கப்பாவிடம் மூச்சு விட மாட்டோம் என்று தோழி சத்தியமே செய்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள், ஒன்றும் மனதில் ஏறவில்லை.

காலையில் பஸ் எஸ்டேட் வாசலில் நின்றபோது நைனா ஆலைக்குப் போகாமல் காத்திருந்தார். எனக்கு முன்னால் பாய் இறங்கி நேரே அவரிடம் போனார்.

"அண்ணாத்தே, ஒரு தப்பு நடந்துபோச்சு. மைசூர்ல ஒங்க பொண்ண ஒரு முக்கா மண்ணேரம் உட்டுட்டுப் போய்ட்டேன். எண்ணாம வண்டிய எடுத்தது என் தப்பு. பொண்ணு மேல ஒண்ணியும் இல்ல."

மறைத்திருக்கலாம். யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் தொழிலுக்கே கெட்ட பேர் வரும் என்று தெரிந்தும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு சும்மா நிற்க எனக்கு மனசு வரவில்லை.

"பாய் மேல தப்பு இல்ல நைனா. சங்கு ஊதுனது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் போவல."

நைனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். ரயில் ஏறினோம். ஆவடி போனது. பட்டாபிராம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கூட்டத்த உட்டு நிக்கிற அளவுக்கு அங்க இன்னா இருந்திச்சி?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். திருநின்றவூர் வந்தும் முடியவில்லை, வீடுவரை சொல்லிக்கொண்டே நடந்தேன். மறுநாள் விடிந்ததும் என் டிபன் டப்பாவைக் கழுவி, சோறு கட்டி, வாசல்படியில் எடுத்து வைத்திருந்தார். வேலையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வேலையில்தான் இருபத்தைந்து வருடம் இருந்தேன். அந்தக் காலையில் ஒரு பொய் சுலபமாக இருந்தபோது உண்மையைச் சொன்ன பாய்க்கும், அந்த உண்மையைக் கேட்டுவிட்டுக் கோபப்படாமல் கேள்வி கேட்ட நைனாவுக்கும் நான் நேரில் நன்றி சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் அதைச் சொல்கிறோம்? இப்போது இருவரும் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மனசார நன்றி.

மைசூர் போய்வந்த அடுத்த வருடம் தஞ்சாவூர். இம்முறை வீட்டிலிருந்து ஒருவர் கூட வரலாம் என்றார்கள். நைனா தன் பெயரைத் தானே போய்க் கொடுத்தார். கிளம்புவதற்கு முன்பு புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை என்னிடம் நீட்டினார்.

"இதுலயும் நம்பர் போடு."

"இன்னா நம்பர் நைனா?"

"ஒன் நம்பர்தான். வேற இன்னா?"

தஞ்சாவூரிலும் எல்லோருடைய செருப்பும் பாயின் சாக்கில்தான். அரண்மனையின் தர்பார் கூடத்தில் வளைவுகளும் விதானமும் எல்லாம் வண்ணச் சுதை வேலை. கூட்டம் எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நைனா அண்ணாந்தபடி வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். "போலாமா?" என்றேன். "இரு" என்றார்.

வாசல் பக்கம் பாய் வருவது தெரிந்தது. இரண்டு கையிலும் இரண்டிரண்டு செருப்பு. அவர் அவசரப்படவில்லை. உள்ளே நுழைந்ததும் அவரும் முதலில் மேலேதான் பார்த்தார்.