பேர், நட்சத்திரம்

சேரப்பணஞ்சேரி பலராமனிடம் சாமியைப் பற்றி வாயைக் கொடுத்துவிட்டு லேசில் மீண்டவர்கள் கிடையாது. ஒரகடத்தில் வண்டிக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், குவாலிட்டி பிரிவில் அவனுக்கு வேலை. பாகம் ஒன்று பழுதாக வந்தால் அங்கே ஏன் என்று கேட்பார்கள். வந்த பதிலுக்கும் ஒரு ஏன். இப்படி ஐந்து முறை கேட்டால் பழுதின் வேர் கைக்கு வந்துவிடும் என்பது கம்பெனிக் கணக்கு. ஷிப்ட் முடிந்ததும் அந்தப் பழக்கத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். புண்ணியவான் அதையும் கூடவே கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பக்கத்து சீட்டு டில்லிபாபு சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மூன்றாவது ஏனுக்கே பாவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த வருஷமும் மாலை போட்டான். பலராமன் பக்கத்தில் உட்காருவதை மட்டும் விட்டுவிட்டான். அதிலிருந்தாவது இவனுக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்றுதான் உறைத்தது.

பலராமனுக்கும் செங்கமலத்துக்கும் ஒரே பெண், சுகப்பிரியா. பத்தாவது படிக்கும்போது டெங்குவில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. பலராமனுக்குப் பேர் தொண்டையோடு நின்றுவிடும். அவன் எடுக்காததால் செங்கமலமும் எடுக்கவில்லை. வருஷக் காரியம் முடிந்த கையோடு அவள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள்.

"ஏன் போற?"

"மனசு கேக்கல."

"மனசு கேக்கலன்னா ஏன் அங்க போவணும்?"

"சாமி கீது, போறேன்."

"கீதுன்னா நம்ம பொண்ண ஏன் வுட்டுச்சு?"

"தெரியாது" என்பாள் செங்கமலம். பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தத் தெரியாதுவைத் தனக்குக் கிடைத்த வெற்றியாக அவன் வாராவாரம் சேர்த்துக்கொண்டான். உள்ளூரிலேயே கோயில் இருக்க, பஸ் பிடித்துப் படப்பையைத் தாண்டி ஒரு சின்ன சிவன் கோயிலுக்கு அவள் ஏன் போகிறாள் என்ற ஒரு ஏனை மட்டும் அவன் கேட்கவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தவன், அவளை அழைத்துவர பைக்கை எடுத்துக்கொண்டு போனான். உள்ளே போகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஷூவோடு வாசற்படி ஓரமாக நனையாமல் நின்றான். கூட்டம் இல்லாததால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சுகப்பிரியா பேருக்கு, சாமி."

"தெரியுமேம்மா, வாராவாரம் பண்றதுதானே" என்றார் குருக்கள். "பொண்ணு நன்னா படிக்கறாளா?"

"படிக்குது சாமி."

அத்தனை நாளாகக் காதில் விழாத பேர் வெளியூர்க் கோயிலுக்குள்ளிருந்து வந்து விழுந்ததும் பலராமன் வாசலுக்கு நேரே வந்து நின்றான். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குத் தெரிந்தது வாதம் ஒன்றுதான்.

"பொண்ணு செத்துப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது சாமி" என்று வாசலிலிருந்தே கத்தினான். "நீங்களே சொல்லுங்க. செத்தவங்க பேருக்கு அர்ச்சனை உண்டா?"

குருக்கள் திகைத்துப்போய் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. "கூடாதேம்மா" என்று மெதுவாகச் சொல்லி, தேங்காய் உடைக்காத தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. செங்கமலம் தட்டை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பைக்கில் ஏறவில்லை.

அப்படியும் அவள் சாமியை விட்டாளா என்றால் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் நிற்கவில்லை, விளக்கு நிற்கவில்லை. பேச்சுதான் நின்றது. சோறு, குழம்பு, கேஸ் வந்தது என்பதற்கு மேல் அவள் அவனிடம் எதையும் சொல்வதில்லை.

பலராமனுக்குத்தான் நிம்மதி போனது. இன்ஸ்பெக்ஷன் டேபிளில் பாகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது குருக்கள் குரல் வரும். பொண்ணு நன்னா படிக்கறாளா? படிக்குது சாமி. சுகப்பிரியா இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதைத்தான் அவன் வாசலில் நின்று மூடிவிட்டு வந்திருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் வேலை விட்டு வந்ததும் பைக்கை எடுத்து மணிமங்கலம் பக்கம் திருப்பினான். சாமி மேல் நம்பிக்கை வந்துவிட்டதாக யாரும் சந்தோஷப்பட வேண்டாம், அது வரவில்லை. அந்தப் பேரை யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெருமாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டு நின்றான்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் பட்டர்.

நட்சத்திரம்? மாமனார் வீட்டில் பெண்ணுக்கு ஜாதகம் எழுதியபோது அதை வைத்து எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறான். வாயைத் திறந்தான். பேரும் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

"சரி, பெருமாள் பேருக்கே பண்ணிடறேன்" என்று பட்டர் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

பிறந்த தேதியைப் போட்டால் நட்சத்திரத்தைச் செல்போனே சொல்லிவிடும். அது தெரியாதவன் இல்லை அவன். ஆனாலும் செங்கமலத்தின் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போனபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் கொடுத்த துளசியைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"செங்கமலம், சுகப்பிரியாவுக்கு இன்னா நட்சத்திரம்?"

முறம் நின்றது. அவன் முகத்தைச் செங்கமலம் பார்த்தாள். கேள்வியோடு வருகிற அந்த முகம் அவளுக்குப் பழகினதுதான்.

"தெரியாது" என்றாள். அடுத்த கேள்வி வருவதற்குள் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.