பிரேசிலில் பிள்ளையை எங்கே விடுகிறார்கள்?

1. திரும்பி வந்த அத்தியாயம்

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் ஆய்வுக்கு எடுத்த நாடு பிரேசில். அதன் அரசியலும் காப்பி ஏற்றுமதியும் தலைப்பு. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரம் இருக்கும்போது, வழிகாட்டிப் பேராசிரியர் சேலத்திலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, மூணாவது சாப்டர்ல பாலிசி இருக்கு, எக்ஸ்போர்ட் இருக்கு. காப்பி பறிக்கிற ஆளு ஒருத்தரையும் காணோமே? இது வைவாவுல நிக்காது. மாத்த முடியலைன்னா இந்த வருஷம் விட்டுடு."

என் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். கணவர் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கெழுதும் வேலை. இந்த வருஷத்தை விட்டால் மறுபடி தொடர்வேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை முடிவை மாற்றிவிட்டு, கடைசியில் தொழிலாளர் பிள்ளைகளுக்கான காப்பகமான எஸ்டேட் கிரெச்சில் பிள்ளையை விட்டேன்.

2. செல்வி கேட்டது

கிரெச்சைப் பார்த்துக்கொண்ட செல்வி என் வயதுக்காரி. முதல் நாளே மூன்று முறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க்கா, இப்படி எட்டிப் பாத்துட்டே இருந்தா எப்பங்க படிப்பீங்க? பாப்பா நல்லாத் தூங்குதுங்க. நீங்கதான் அழுவறீங்க."

என்ன படிப்பு என்று கேட்டாள். பிரேசிலிலும் காப்பித் தோட்டங்கள் உண்டு, மலைச்சரிவுகளில் இன்னும் கையால்தான் பறிக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அந்தப் பொம்பளைங்க கொழந்தைய எங்கீங்க உட்டுட்டுப் போறாங்க?"

"தெரியலை செல்வி. பாத்துச் சொல்றேன்."

"நொம்ப நாளா படிக்கறீங்க, இதக்கூடப் பாக்கலீங்களா?"

கேலிதான். ஆனால் அன்று குறிப்பேடுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். ஒரு வரிகூட இல்லை.

3. அங்கிருந்து வந்த பதில்

அங்குள்ள ஒரு தொழிலாளர் சங்கத்துக்கு, அகராதி வைத்துக்கொண்டு போர்த்துகீசியத்தில் மின்னஞ்சல் எழுதினேன். பிழைகளைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று இரண்டு நாள் அனுப்பவில்லை. பத்தாம் நாள் ஒரு பெண் பதில் எழுதியிருந்தார். அறுவடைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலர் பிள்ளைகளை உறவினரிடம் விட்டு வருகிறார்கள், சிலர் தோட்டத்துக்கே தூக்கிப் போகிறார்கள். காப்பகம் கேட்டு அவர்கள் சங்கம் நகராட்சியோடு மல்லுக்கு நிற்கிறது.

செல்வியிடம் சொன்னேன். "பரவால்லீங்க, உடாமத்தான் கேக்கறாங்க" என்றாள்.

அந்தக் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய உள்ளாட்சி, தேர்தல், தொழிலாளர் சட்டம் எல்லாவற்றுக்குள்ளும் போனேன். செல்வியின் கேள்வியோடு தொடங்கி மூன்றாம் அத்தியாயம் புதிதாக எழுந்தது.

4. வைவா

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்த அத்தியாயத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்துல கெடச்சுது?"

சொன்னால் மதிப்புக் குறையுமோ என்று தயங்கினேன். பிறகு சொன்னேன்: "எங்க எஸ்டேட் கிரெச்சுல செல்வின்னு ஒருத்தங்க கேட்டாங்க சார்."

"அடிக்குறிப்புல அவங்க பேரு இல்லையே? மத்தவங்களுக்கெல்லாம் போட்டிருக்கீங்க. இதைச் சேத்துக் குடுங்க, பாஸ் போட்டுடறேன்."

வெட்கமாக இருந்தது. அன்றே சேர்த்தேன்.

இப்போது ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: எந்த நாட்டைப் படித்தாலும், அங்குள்ள எந்த வேலையைப் பற்றி எழுதுகிறீர்களோ, அதை இங்கே அருகிலிருந்து அறிந்த ஒருவரிடம் முதலில் பேசிப் பாருங்கள். அவர் கேட்பதற்குப் பதில் தெரியவில்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். பேரையும் மறக்காமல் போடுங்கள்.