சடங்கு நடக்காத வருஷம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த வேலை, அவரவர் படித்த முதல் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது. பாடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். “கட்டடம் எப்ப கட்டினது எண்டு மட்டும் எழுதாதையும் பிள்ளை. ஆர் படிச்சவை, ஆர் இடையிலை நிண்டவை, அதை விசாரியும்” என்றார். விடுமுறைக்கு மலையகத்தில் ஹாலிஎல பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்ததும் விசாரித்தேன்.

கட்டடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவை ஒட்டிய தகரக் கூரை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. மழை பெய்தால் அவர் குரல் கேட்காது. இடையில் நின்றவர்களைப் பற்றித்தான் நிறைய இருந்தது. பையன்களுக்கு ஆளுக்கொரு காரணம். பெண்களுக்கு ஒன்றுதான். வயதுக்கு வந்தார்கள், தாய்மாமன் குடிசை கட்டினார், சடங்கு முடிந்தது, கங்காணி கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார், கூடை முதுகில் ஏறியது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் அப்படித்தான்.

நான் மட்டும் ஏன் தப்பினேன் என்பது தெரியும் என்றே இருந்தேன். நான் வயதுக்கு வந்ததை அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண் லயத்தையே ஏய்த்து மகளைப் பதுளைக்குப் படிக்க அனுப்பினாள். கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு இதை வைத்திருந்தேன்.

பக்கத்துக் காம்பரா அத்தை சீண்டினாள். “எங்கள எல்லாம் கேட்டுட்ட டீச்சரம்மா. ஒனக்கு எப்ப சடங்கு? நாங்க இன்னும் சோறு திங்கலையே.”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாதே.

மாலையில் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னைப் படிக்க வைக்கத்தானேம்மா அன்னைக்கு மறைச்ச?”

“படிக்கவா?” அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்கப்பா செத்து மூணு மாசம்தான். வருசம் திரும்பாம வீட்டுல நல்லது செய்யலாமா? வெளிய சொன்னா மாமன் சீரோட வந்து நிப்பான். தெவசம் கழியட்டும்னு இருந்தேன்.”

“பிறகு?”

“அதுக்குள்ள நீ அஞ்சாம் வகுப்பு பாஸ் பண்ணிட்ட. வாத்தியாரு பதுளைக்கு அனுப்புன்னாரு. நீ போயிட்ட. அப்புறம் எங்க செய்யிறது?”

“அப்பா இருந்திருந்தா?”

“செஞ்சிருப்போம். எல்லாரும் மாதிரி நீயும் கொழுந்துக்குப் போயிருப்ப. தேத்தண்ணி ஊத்தவா?”

ஊற்றச் சொன்னேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை. தேத்தண்ணி நாக்கைச் சுட்டது. அது மட்டும் தெரிந்தது.

கல்லூரிக்குத் திரும்பியபின் கடைசிப் பக்கத்தை இப்படி முடித்தேன்: ‘ஒரு மாணவி மட்டும் தொடர்ந்து படித்தாள். அந்த ஆண்டில் அவளுடைய தந்தை இறந்திருந்தார்.’

இரண்டுக்கும் என்ன தொடர்பு, விளக்கி எழுதவும் என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார் ஆசிரியர். நான் விளக்கவில்லை. அந்த ஓரிடத்தைத் தவிர, மற்றப் பெண்கள் சடங்கோடு நின்றதை எழுதிய பக்கங்கள் உட்பட, கட்டுரை முழுவதிலும் அவருடைய சிவப்பு மை படவில்லை.